பெயர் பொறிக்காத பேரரசின் பொற்காசு

2011 ஏப்ரல் 4. லண்டனில் மார்ட்டன் அண்ட் ஈடன் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு தங்கக் காசு விலைபோனது. எடை நான்கே கால் கிராம். நம் ஊர்க் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்றே கூடுதல். குறுக்களவு சுமார் இரண்டு சென்டிமீட்டர். அதில் ராஜாவின் தலை இல்லை, சிங்கமோ கழுகோ இல்லை, காசை அடிக்கச் சொன்ன ஆட்சியாளரின் பெயர்கூட இல்லை. இரண்டு பக்கமும் வெறும் எழுத்து. கேட்பு 31 லட்சம் பவுண்டில் நின்றது. ஏலக் கமிஷனையும் சேர்த்து வாங்கியவர் கட்டிய தொகை 37 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு. அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 27 கோடி ரூபாய். 2019 அக்டோபரில் இதே வகைக் காசு ஒன்று மீண்டும் ஏலத்துக்கு வந்தது. அதுவும் 37 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

டமாஸ்கஸ் நகரைத் தலைநகராகக் கொண்டு கி.பி. 661 முதல் 750 வரை ஆண்ட உமையா கலீஃபாக்களின் தினார் அது. கிழக்கே சிந்து, மேற்கே ஸ்பெயின் என்று அவர்களுடைய படைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில், 711-ஐ ஒட்டிய ஆண்டுகளில், போய் நின்றன. அவ்வளவு பெரிய நிலப்பரப்பை ஆண்டவர்கள் தங்கள் தங்கக் காசில் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. உலகெங்கும் பழங்காசு சேகரிப்பவர்களுக்கு இந்தத் தினார் மீது தீராத ஈர்ப்பு இருப்பதற்கு அதன் அருமை ஒரு காரணம்தான். பெரிய காரணம், இந்தக் காசு ஒவ்வொன்றும் ஆண்டு குறித்த ஒரு ஆவணம் என்பது. படிக்கத் தெரிந்தவரிடம் அது நிறையப் பேசும். படிக்கத் தெரியாதவர் கையில் அது நான்கே கால் கிராம் தங்கம்.

சிலுவை இல்லாத காசு செல்லாது

அரபுப் படைகள் சிரியாவையும் எகிப்தையும் பாரசீகத்தையும் வென்றபோது அவர்களிடம் சொந்தக் காசு கிடையாது. தேவையும் படவில்லை. சிரியாவிலும் எகிப்திலும் பைசாந்தியப் பேரரசின் சோலிடஸ் என்ற தங்கக் காசு புழங்கியது. ஈராக்கிலும் ஈரானிலும் சாசானிய அரசர்களின் வெள்ளிக் காசு. ஆட்சி மாறியது, கல்லாப்பெட்டி மாறவில்லை. ஈரான் பக்கம் இரண்டாம் குஸ்ரோவின் முகம் பதித்த வெள்ளிக் காசையே தொடர்ந்து அடித்தார்கள். ஓரத்தில் மட்டும் ‘பிஸ்மில்லாஹ்’ என்ற அரபு எழுத்து சேர்ந்தது.

உமையா ஆட்சியைத் தொடங்கிவைத்த முஆவியா தங்கத்திலும் வெள்ளியிலும் காசு அடித்தார் என்றும், அதில் சிலுவை இல்லாததால் மக்கள் வாங்க மறுத்துவிட்டார்கள் என்றும் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட ஒரு கிறிஸ்தவ வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. நாட்டை வென்றுவிடலாம், கடைவீதியின் பழக்கத்தை வெல்வது எளிதல்ல. அதனால் அடுத்து வந்தவர்கள் சுற்றுவழியில் போனார்கள். பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் தன் இரு மகன்களோடு நிற்கும் காசை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பின்பக்கம் படிகளின் மேல் நின்ற சிலுவையிலிருந்து குறுக்குச் சட்டத்தை மட்டும் நீக்கினார்கள். எஞ்சியது படி மேல் நிற்கும் ஒரு கம்பம். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய காசு, கையில் எடுத்துப் பார்த்தால் புதியது. இந்த இடைக்காலத் தினார்கள் இன்று மிக அரிதாகவே கிடைக்கின்றன. ஒரு பேரரசு தயங்கித் தயங்கி அடி எடுத்து வைத்ததை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

தயக்கத்தை உடைத்தவர் அப்துல் மலிக் பின் மர்வான். 685-இல் பதவிக்கு வந்தபோது அவருக்குப் பேரரசின் பாதிதான் சொந்தம். மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் தன்னையே கலீஃபாவாக அறிவித்திருந்தார். அந்த உள்நாட்டுப் போர் 692-இல் முடிந்தது. ஜெருசலேமில் இன்றும் பொன்னிறத்தில் மின்னும் குப்பத்துஸ் ஸக்ரா, பாறைக் குவிமாடம், அப்துல் மலிக் எழுப்பியது. அதிலுள்ள கல்வெட்டின் ஆண்டு ஹிஜ்ரி 72, அதாவது கி.பி. 691–692. பிற்கால அப்பாஸிய கலீஃபா மஃமூன் அந்தக் கல்வெட்டில் அப்துல் மலிக்கின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் பொறிக்கச் செய்தார். ஆனால் ஆண்டை மாற்ற மறந்துவிட்டார்கள். 72 அப்படியே இருக்கிறது.

காசுச் சண்டைக்கு வருவோம். ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரி ஒரு செய்தியை எழுதிவைத்திருக்கிறார். எகிப்திலிருந்து பைசாந்தியத்துக்குப் போகும் பாப்பிரஸ் தாள்களின் தலைப்பில் கிறிஸ்தவ வாசகம் இருந்தது. அதை எடுத்துவிட்டு இஸ்லாமிய வாசகத்தைப் போடச் சொன்னார் அப்துல் மலிக். பேரரசருக்குக் கோபம். இந்த வாசகம் தொடர்ந்தால், நபியைப் பற்றி உங்களுக்குப் பிடிக்காத சொற்களை எங்கள் தினாரில் போடுவோம் என்று எச்சரித்தார். அரபுகளின் சந்தையில் புழங்கியது பைசாந்தியத் தங்கம்தானே, அந்தத் துணிச்சல். ‘அவர்கள் தினாரை நிறுத்துங்கள், நாமே காசு அடிப்போம்’ என்று கலீஃபாவுக்கு ஆலோசனை வந்தது. இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பின்னர் சேர்ந்தது என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். அந்த ஆண்டுகளில்தான் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன் தன் தங்கக் காசில் ஏசுவின் முகத்தைப் பதித்தார் என்பதற்குக் காசே சாட்சி.

பதிலாக டமாஸ்கஸிலிருந்து வந்தது ‘நிற்கும் கலீஃபா’ தினார். ஹிஜ்ரி 74 முதல் 77 வரை அடிக்கப்பட்டது. முன்பக்கம் தாடி வைத்த ஒருவர் நீண்ட அங்கியோடு, வாளின் மேல் கைவைத்து நிற்கிறார். பின்பக்கம் அதே படி, அதே கம்பம். சுற்றிலும் அரபு. உலக அருங்காட்சியகங்களையும் தனியார் பெட்டிகளையும் சேர்த்துக் கணக்கெடுத்தாலும் இந்தத் தினார்கள் மிகச் சிலவே தேறும். கலீஃபாவின் உருவம் காசில் நிற்பதை அவரைச் சேர்ந்தவர்களே பலர் விரும்பவில்லை என்று தோன்றுகிறது. ஏனென்றால் அதே 77-ஆம் ஆண்டில் அந்த உருவமும் போய்விட்டது.

ஹிஜ்ரி 77, கி.பி. 696–697. முழுக்க எழுத்தாலான முதல் தினார் வெளிவந்தது. முன்பக்கத்தின் நடுவில் இறைவன் ஒருவனே, இணையில்லாதவன் என்ற உறுதிமொழி. ஓரத்தில் இறைத்தூதரைப் பற்றிய திருக்குர்ஆன் வாசகம். பின்பக்கத்தின் நடுவில் இறைவனின் ஒருமையைச் சொல்லும் இக்லாஸ் அத்தியாயத்தின் வரிகள். அதன் ஓரத்தில், இறைவன் பெயரால் இந்தத் தினார் இந்த ஆண்டில் அடிக்கப்பட்டது என்ற குறிப்பு. அவ்வளவுதான். பாறைக் குவிமாடத்தின் சுவரில் எழுதிய அதே நம்பிக்கையை, மனிதர்களின் மடியில் போய்ச் சேரும்படி தங்கத்தில் எழுதிவிட்டார் அப்துல் மலிக். பழைய காசுகள் வரி வழியாகக் கருவூலத்துக்குத் திரும்பி உருகின. அதனால்தான் 77-க்கு முந்தையவை இன்று அவ்வளவு அரிது.

ஏழா, ஒன்பதா?

இந்த அமைப்பு 77 முதல் உமையா ஆட்சி வீழ்ந்த 132 வரை மாறவே இல்லை. ஆட்சியில் கலீஃபாக்கள் மாறினார்கள், காசு மாறவில்லை. பெரும்பாலான காசுகளில் மாறியது ஆண்டு ஒன்றே. ஆகவே சேகரிப்பவர்கள் ஆண்டுவரிசைப்படி சேர்க்கிறார்கள். 77-இல் தொடங்கி 132-இல் முடியும் வரிசையை முழுமையாக்க வேண்டும் என்பது பலருடைய வாழ்நாள் ஆசை. கலீஃபா ஹிஷாம் ஆண்ட காலத்து ஆண்டுகள் பல எளிதில் கிடைக்கும். 77 கிடைப்பது கடினம். இறுதி ஆண்டான 132 அதைப் போலவே கடினம். வேடிக்கை என்னவென்றால் அந்த ஒரே ஆண்டில் தோற்றவர்களும் வென்றவர்களும் தினார் அடித்தார்கள். பின்பக்கத்தின் நடுவே இக்லாஸ் வரிகள் இருந்தால் உமையாக்களுடையது. அந்த இடத்தில் ‘முஹம்மது இறைவனின் தூதர்’ என்று இருந்தால் அப்பாஸியர்களுடையது. ஒரு பேரரசு முடிந்து இன்னொன்று எழுந்ததைக் காசின் ஒரே ஒரு பக்கத்தில் பார்க்கலாம்.

படிப்பது சுலபமில்லை. எழுத்து கூஃபி வடிவம். ஆண்டை எண்ணில் போடாமல் சொல்லில் எழுதுவார்கள், ஒன்றின் இலக்கம் முதலில், பத்தின் இலக்கம் அடுத்து. அந்தக் காலக் காசுகளில் எழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் கிடையாது. அரபியில் புள்ளியை எடுத்துவிட்டால் ‘ஸப்அ’ என்ற ஏழும் ‘திஸ்அ’ என்ற ஒன்பதும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் வரிசையாக நான்கு சிறு பற்கள், கடைசியில் ‘ஐன்’ என்ற எழுத்து. அச்சு வெட்டியவர்கள் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். ஏழு என்றால் நான்காவது பல்லைச் சற்று உயர்த்துவார்கள். ஒன்பது என்றால் முதல் பல்லை. மயிரிழை உயரம்தான் வேறுபாடு. 77, 79, 97, 99 இந்த நான்கு ஆண்டுகளையும் பிரிப்பது அந்த ஒரு பல். காசு சற்றுத் தேய்ந்திருந்தாலும் சந்தேகம் வந்துவிடும். 77-க்கும் 79-க்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லென்ஸும் பொறுமையும் இல்லாதவர் இந்த வரிசையில் இறங்கக்கூடாது என்று பழைய சேகரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

இதற்குத் துணையாக நல்ல நூல்கள் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ஜான் வாக்கர் 1956-இல் வெளியிட்ட அட்டவணை இன்றும் அடிப்படை நூல். இஸ்லாமியக் காசுகள் அத்தனைக்கும் எண் கொடுத்து ஸ்டீபன் ஆல்பம் தொகுத்த பட்டியல் வணிகர்களின் கையேடு. அதில் ஒவ்வொரு கலீஃபாவுக்கும் தனி எண் உண்டு. அப்துல் மலிக்கின் தினார் 125, ஹிஷாமின் தினார் 136. காசில் பெயரே இல்லாதபோது ஆட்சியாண்டை வைத்துத்தான் இந்தப் பிரிவினை. கலீஃபா மாறிய ஆண்டில் அடித்த காசு யாருடையது என்று எந்த எண்ணாலும் அறுதியிட முடியாது.

நிறுக்கக் கண்ணாடி

அப்துல் மலிக் எழுத்தை மட்டும் மாற்றவில்லை. சோலிடஸ் நான்கரை கிராம் இருந்தது. தினாரை ஒரு மித்கால், அதாவது நான்கே கால் கிராம் என்று நிலைநிறுத்தினார். அதன் தங்கம் ஏறக்குறையத் தூய தங்கம். இரண்டாண்டு கழித்து, ஹிஜ்ரி 79-இல், வெள்ளித் திர்ஹமும் புதிய வடிவம் பெற்றது. ஏழு மித்கால் எடைக்குப் பத்துத் திர்ஹம் என்பது கணக்கு.

இந்த எடையைக் காப்பாற்ற எகிப்தில் கண்ணாடியால் சிறு எடைக்கற்கள் செய்தார்கள். பச்சையும் நீலமுமான கண்ணாடி வில்லைகளில் ஆளுநரின் பெயரும், இது ஒரு தினார் எடை, இது அரைத் தினார் எடை என்ற அறிவிப்பும் முத்திரையாகப் பதிந்திருக்கும். 709 முதல் 714 வரை எகிப்தின் ஆளுநராக இருந்த குர்ரா பின் ஷரீக்கின் பெயரில் அத்தகைய எடைகள் கிடைத்திருக்கின்றன. கண்ணாடி துருப்பிடிக்காது, சுரண்டி எடையைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சந்தையில் ஏழை வியாபாரி ஏமாறாமல் இருக்க அரசு எடுத்த முயற்சி இது. தினார் வாங்கப் பணம் போதாதவர்களுக்கு நான் சொல்லும் யோசனை, இந்தக் கண்ணாடி எடைகளைப் பற்றிப் படியுங்கள். தங்கக் காசு பேரரசின் பெருமையைச் சொல்கிறது. கண்ணாடி எடை அதன் நிர்வாகத்தைச் சொல்கிறது.

அந்த எடை இன்னும் உயிரோடிருக்கிறது. ஜக்காத் கடமையாவதற்கான தங்கத்தின் அளவு 20 தினார் என்பது மார்க்கச் சட்டம். நான்கே கால் கிராமை 20-ஆல் பெருக்கினால் 85 கிராம். இன்று நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ரமலான் மாதத்தில் ஜக்காத் கணக்கு விளக்கும்போது பல அறிஞர்கள் சொல்லும் 85 கிராம் இந்தக் காசின் எடையிலிருந்து வருவதுதான். வேறு கணக்கில் சற்றுக் கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் அளவுகோல் தினார்தான்.

கலீஃபாவின் சுரங்கம்

இனி அந்த 27 கோடி ரூபாய்க் காசு. அதன் ஆண்டு ஹிஜ்ரி 105, கி.பி. 723–724. மற்றத் தினார்களில் எந்த ஊரில் அடித்தது என்று எழுதும் வழக்கமில்லை. பெரும்பாலானவை டமாஸ்கஸில் அடித்தவை என்று கருதுகிறார்கள். வட ஆப்பிரிக்காவிலும் ஸ்பெயினிலும் அடித்தவற்றில்தான் இடத்தின் பெயர் வரும். 105-ஆம் ஆண்டின் இந்தச் சில காசுகளில் மட்டும் பின்பக்கத்தில் வழக்கமான வரிகளுக்குக் கீழே கூடுதல் வரிகள் இருக்கின்றன: ஹிஜாஸில் உள்ள, இறைநம்பிக்கையாளர்களின் தலைவருடைய சுரங்கம். அந்தப் பட்டம் கலீஃபாவுக்கு உரியது. தங்கம் எங்கிருந்து தோண்டப்பட்டது என்பதைக் காசே சொல்கிறது. இன்றைய சவூதி அரேபியாவில் உள்ள ஓர் இடத்தின் பெயரைத் தாங்கிய முதல் இஸ்லாமியக் காசு இது.

மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள பனூ சுலைம் குலத்தாரின் சுரங்கமாக அது இருக்கலாம் என்பது பரவலான கருத்து. அந்தப் பகுதியில் இருக்கும் மஹ்த் அத்தஹப் என்ற ஊரின் பெயருக்குத் தங்கத் தொட்டில் என்று பொருள். அங்கே 1939 முதல் 1954 வரை அமெரிக்கர்களின் பங்கேற்போடு ஒரு நிறுவனம் தங்கம் எடுத்தது. 1980-களின் இறுதியில் மீண்டும் வேலை தொடங்கியது. பழங்காலத்தவர் தோண்டிய குழிகளும் கசடும்தான் புதியவர்களுக்கு வழிகாட்டின.

105-ஆம் ஆண்டிலேதான் கலீஃபா இரண்டாம் யஸீத் இறந்து, தம்பி ஹிஷாம் பட்டத்துக்கு வந்தார். சுரங்கத்துக்கு உரிய ‘தலைவர்’ இருவரில் யார்? காசில் பெயர் இல்லை. கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியவருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது. அவர் வாங்கியதில் பாதி அந்தப் புதிர் என்றே நினைக்கிறேன்.

மேற்கே ஸ்பெயினில் வேறொரு விந்தை. ஹிஜ்ரி 98, கி.பி. 716–717-இல் அங்கே அடித்த தினாரில் ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் லத்தீன். லத்தீன் பக்கத்தின் நடுவே ஒரு நட்சத்திரம். வென்றவர்களின் மொழி தோற்றவர்களுக்குப் புரியாது என்பதால் இரண்டிலும் எழுதினார்கள். அந்த நாட்டின் பெயராக ‘அல் அந்தலுஸ்’ என்ற சொல் நமக்குத் தெரிந்தவரை முதன்முதலில் காணப்படுவது இந்தக் காசில்தான். ஒரு நாட்டின் பெயருக்குப் பிறப்புச் சான்றிதழ் காசாக இருக்கிறது.

தினாரின் மதிப்பு எல்லைகளைக் கடந்துபோனது. அப்பாஸிய கலீஃபா மன்சூர் ஹிஜ்ரி 157-இல் அடித்த தினாரைப் பார்த்து, இங்கிலாந்தின் மெர்சியா நாட்டு அரசர் ஆஃபா தானும் ஒன்று அடித்தார். அச்சு வெட்டியவருக்கு அரபு தெரியாது. எழுத்தை ஓவியமாக நினைத்து வரைந்து, நடுவே ‘ஆஃபா அரசர்’ என்று லத்தீனில் தலைகீழாகப் பொறித்துவிட்டார். கிறிஸ்தவ அரசரின் பெயரோடு இஸ்லாமிய உறுதிமொழி தாங்கிய அந்தக் காசு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சந்தையும் போலியும்

ஏல விலையைப் பார்த்துவிட்டு, இது கோடீசுவரர்களின் விளையாட்டு என்று ஒதுங்கிவிட வேண்டாம். ஹிஷாம் காலத்துச் சாதாரண ஆண்டுத் தினார் ஒன்றின் விலை பல சமயம் ஒரு பவுன் நகையின் விலையை ஒட்டித்தான் இருக்கும். எளிதாகக் கிடைப்பதால் மதிப்பில் குறைந்ததில்லை. 1,300 ஆண்டுக்கு முன் டமாஸ்கஸில் ஒரு போர்வீரரின் சம்பளமாகப் போயிருக்கக்கூடிய அதே காசுதான் அதுவும்.

ஆனால் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் போலியும் எளிதாகக் கிடைக்கும். வார்த்துச் செய்த போலியை லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். பரப்பில் காற்றுக்குமிழ் குழிகள், எழுத்தின் விளிம்பில் மழுக்கம், ஓரத்தில் ராவிய தடம். புதிதாக அச்சு வெட்டி அடித்த போலிதான் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்கும் வழி, ஒரே அச்சில் வந்த வேறு காசுகளோடு ஒப்பிடுவது. தற்செயலாக விழுந்திருக்க வேண்டிய ஒரே கீறல் இரண்டு காசுகளிலும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டுமே சந்தேகத்துக்குரியவை. எடை நான்கே கால் கிராமிலிருந்து வெகுவாக விலகியிருந்தால், ஓரம் வெட்டப்பட்டதா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீரில் தோய்த்து ஒப்படர்த்தி பார்க்கும் பழைய முறை இன்றும் கைகொடுக்கிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3, தூய்மை மிகுந்த தினார் அதற்கு வெகு அருகில் நிற்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. விளிம்பில் வளையம் பற்றவைத்து ஆபரணமாகப் போட்டிருந்த காசு. பிற்காலத்தில் வளையத்தை எடுத்து மெருகேற்றி விற்பார்கள். மேல்விளிம்பில் சூடுபட்ட தடமும் பற்றுப்பொடியின் நிறமும் இருக்கும். நம் பாட்டிமார்களின் காசுமாலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சேகரிப்பவர்கள் இதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். எனக்கு அந்தத் தடமும் வரலாறுதான். யாரோ ஒரு பெண் அதை விலைமதிப்பற்றதாக நினைத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். வளையம் இருந்ததை மறைத்து விற்பது மட்டுமே குற்றம்.

ஓர் ஆணியின் கதை

இந்தக் காசுகள் சந்தைக்கு எங்கிருந்து வருகின்றன? சேகரிப்பு உலகம் அதிகம் பேச விரும்பாத கேள்வி இது.

இஸ்ரேலின் யவ்னே நகருக்கு அருகே 2020 ஆகஸ்டில் அகழாய்வில் உதவ வந்த இளைஞர்கள் ஒரு மண்கலயத்தைக் கண்டார்கள். உள்ளே 425 தங்கக் காசுகள், மொத்தம் 845 கிராம். பெரும்பாலும் அப்பாஸியர் காலத்தவை, சுமார் 1,100 ஆண்டுப் பழமை. முழுக் காசுகளோடு சில்லறைக்காக வெட்டிய துண்டுகளும் இருந்தன. ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். கலயம் அசையாமல் இருக்க ஓர் ஆணியால் பொருத்தப்பட்டிருந்தது. புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடுதான் புதைத்தார் என்பது அந்த ஆணியிலிருந்து தெரிந்தது. அவர் திரும்பி வரவே இல்லை.

இதே கலயம் உலோகம் தேடும் கருவியோடு இரவில் வந்த ஒருவர் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காசுகள் பிரிந்து பல நாடுகளுக்குப் போயிருக்கும். வெட்டுத்துண்டுகள் பழைய தங்க விலைக்கு உருகியிருக்கும். கலயம் உடைந்திருக்கும். ஆணியை யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். காசுகள் மட்டும் அழகாகப் படம் பிடிக்கப்பட்டு ஏல அட்டவணையில் ‘ஒரு பழைய தொகுப்பிலிருந்து’ என்ற மூன்று சொற்களோடு வந்து நிற்கும். தினாரின் ஆண்டை நாம் படித்துவிடலாம். அது எந்த வீட்டில், எந்தக் காசுகளோடு, யாருடைய அச்சத்தால் மண்ணுக்குள் போனது என்பதை எந்த லென்ஸாலும் படிக்க முடியாது. கலிலேயாவின் கப்பர்நகூமில் 1982-இல் கிடைத்த 282 உமையா தினார்களைப் பற்றி ஆய்வாளர்களால் விரிவாக எழுத முடிந்ததென்றால், அவை முறையான அகழாய்வில், ஒன்றாக, கிடந்த இடத்திலேயே பதிவானதுதான் காரணம். புதையலில் கடைசியாக உள்ள ஆண்டைப் பார்த்தால், அது எந்தக் காலத்தில் மறைக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஒரு காசை உருவினாலும் அந்தக் கணக்கு தவறிவிடும்.

உமையாக்களின் ஆட்சி மையம் சிரியா. அங்கே 2011-இல் தொடங்கிய போரில் தொல்லியல் மேடுகள் குழிகுழியாகத் தோண்டப்பட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஐ.நா. பாதுகாப்பு சபை 2015 பிப்ரவரியில் நிறைவேற்றிய 2199-ஆம் எண் தீர்மானம், 2011 மார்ச் 15-க்குப் பிறகு சிரியாவிலிருந்தும், 1990 ஆகஸ்ட் 6-க்குப் பிறகு ஈராக்கிலிருந்தும் சட்டவிரோதமாக வெளியேறிய தொல்பொருள்களின் வணிகத்தைத் தடுக்கச் சொல்கிறது. சிலை பெரிது, ஒளிக்க முடியாது. காசு சட்டைப்பையில் எல்லை தாண்டும். ஆகவே சட்டத்தைவிட வாங்குபவரின் மனசாட்சிதான் இங்கே பெரிய காவல். வாங்க ஆள் இருக்கும்வரை தோண்ட ஆள் இருப்பான். தன் ஆண்டுவரிசையை முழுமையாக்கும் ஆசையில் ரசீதில்லாத காசை வாங்குபவர், தான் நேசிப்பதாகச் சொல்லும் வரலாற்றின் ஒரு பக்கத்தைக் கிழிக்கக் கூலி கொடுக்கிறார். கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினால் தோன்றட்டும்.

நல்லது செய்தவர்களும் உண்டு. 2015-இல் சீசரியா கடற்கரையில் முக்குளித்தவர்கள் கடலடியில் தங்கக் காசுகளைக் கண்டு, முதலில் விளையாட்டுப் பொம்மைக் காசு என்று நினைத்தார்கள். உண்மை தெரிந்ததும் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் முறையாகத் தேடியதில் ஃபாத்திமியர் காலத் தினார்கள் சுமார் 2,000 வெளிவந்தன.

நம் நாட்டில் சேகரிப்பவர் மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள்; அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு ஏலத்தில் வாங்கி வரவழைத்தால் சுங்க ஆவணமும் ஏல ரசீதும் காசு உள்ளவரை கூடவே இருக்க வேண்டும். மண்ணில் புதையல் கண்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள முடிவு செய்தால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவும் அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

ஆசை இருப்பவர்கள் காசு வாங்குவதற்கு முன் ஓராண்டு படிப்புக்குக் கொடுங்கள். அமெரிக்க நாணயவியல் கழகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் தங்கள் தினார்களின் படங்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. உள்ளூர்ப் பள்ளிவாசலில் அரபு தெரிந்தவரிடம் எழுத்தின் வடிவங்களைக் கற்றுக்கொள்ளலாம். ஏழையும் ஒன்பதையும் படத்தில் பிரித்தறியும் திறமை வந்த பிறகு கடைக்குப் போங்கள். போனதும் விலையைக் கேட்காமல், ‘இது உங்கள் கைக்கு எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் தரமாட்டேன் என்றால், உங்கள் வரிசையில் விடுபட்ட கடைசி ஆண்டே அதுவானாலும், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.